நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்கள்

ஒரு கத்தோலிக்கர் எந்தப் பங்கை, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் விடப்பட்ட எந்த உள்ளூர்ச் சமூகத்தை, சேர்ந்தவர் என்பதை அவருடைய விருப்பம் முடிவு செய்வதில்லை. அவர் குடியிருக்கும் வீடு முடிவு செய்கிறது. இதை எடுத்துச் சொன்னால், நெடுங்காலமாகக் கோவிலுக்குப் போய்வருகிறவர்கள்கூட வியப்படைகிறார்கள். பங்கு அலுவலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்த நாளிலிருந்துதான் தாங்கள் அந்தப் பங்கின் மக்களானதாக அவர்கள் எண்ணியிருப்பார்கள். 1983-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு அப்படிச் சொல்லவில்லை. பங்கு பொதுவாக ஓர் எல்லைக்கு உட்பட்டது என்றும், அந்த எல்லைக்குள் வாழும் நம்பிக்கையாளர் அனைவரையும் அது உள்ளடக்கும் என்றும் 518-ஆம் சட்டம் வரையறுக்கிறது. ஓரிடத்தில் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடியேறியவருக்கு அன்றே அங்கே உறைவிடம் அமைந்துவிடுகிறது. மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தவருக்கும் தற்காலிக உறைவிடம் உண்டு. அந்த உறைவிடத்தின் வழியாகவே அவருக்கு ஒரு பங்குத்தந்தை கிடைக்கிறார். மொழியையோ வழிபாட்டு முறையையோ அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்படும் பங்குகளும் இருக்கின்றன என்றாலும், அவை விதிவிலக்குகளே.

இந்த ஏற்பாடு இன்றைய மனத்துக்கு எளிதில் ஒத்துவருவதில்லை. மறையுரை நன்றாக இருக்கும் கோவில், பாடற்குழு திறமையாகப் பாடும் கோவில், வண்டி நிறுத்த இடமிருக்கும் கோவில், ஒரு மணி நேரத்துக்குள் திருப்பலி வழிபாடு முடிந்துவிடும் கோவில் என்று தேடிப்போவது வழக்கமாகிவிட்டது. சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஞாயிறு கடமையைக் கத்தோலிக்க வழிபாட்டு முறையில் திருப்பலி நிறைவேற்றப்படும் எந்த இடத்தில் நிறைவேற்றினாலும் போதும் என்றே 1248-ஆம் சட்டம் சொல்கிறது. ஆனால் குழந்தைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்), மகளுக்குத் திருமணம், வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாதல், இறப்பு என்று வரும்போது, தேடிப்போன கோவில் பெரும்பாலும் சொந்தப் பங்கைத்தான் கைகாட்டுகிறது. அப்போதுதான் சிலர் தங்கள் பங்குத்தந்தையின் பெயரையே விசாரிக்கிறார்கள். யாரையும் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. மோசமான மறையுரையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்பது எத்தகைய தவம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும், நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு நம்மை ஒரே பீடத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துவதுதான் பங்கு செய்யும் தலையாய வேலை என்று நான் நம்புகிறேன். அந்த வேலையைத் தவிர்த்துவிட்டால் நம்மிடம் பக்தி எஞ்சலாம்; சமூகம் எஞ்சாது.

இது புதிய சிக்கல் அல்ல என்பதை அறியப் புதிய ஏற்பாட்டைப் புரட்டினால் போதும். கொரிந்து நகரச் சபைக்குத் திருத்தூதர் பவுல் எழுதிய முதல் திருமுகம், அதாவது கடிதம், ‘நான் பவுலைச் சேர்ந்தவன்’, ‘நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ என்று கட்சி கட்டிக்கொண்டவர்களைக் கண்டிப்பதோடுதான் தொடங்குகிறது. பழைய பங்குத்தந்தையின் ஆதரவாளர்கள் ஒருபுறமும் புதியவரின் ஆதரவாளர்கள் மறுபுறமும் நிற்கும் எந்தப் பங்கிலும் அந்த அதிகாரத்தை வாசித்தால், யாரை நினைத்து எழுதப்பட்டது என்று கேட்கவேண்டிய தேவை இராது. அதே திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில், ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடிவரும்போது வசதி படைத்தவர்கள் முன்னதாகவே உண்டு முடித்துவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்ததைப் பவுல் கடுமையாகச் சாடுகிறார். பொன் மோதிரம் அணிந்து வந்தவருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் காட்டும் சபையைப் பற்றி யாக்கோபு எழுதியதும் இதே வகைதான். ஆண்டவரின் திருவிருந்தான நற்கருணை பற்றிய நம் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று, சாப்பாட்டுப் பந்தியில் நடந்த பாகுபாட்டைக் கண்டிக்கும்போதே நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம், இறையியலையும் இருக்கை ஏற்பாட்டையும் தனித்தனியே பிரித்துப் பேசுகிறவர்கள்மீது எனக்கு ஐயம் எழுகிறது.

ஏறத்தாழ 155-ஆம் ஆண்டில் மறைச்சாட்சி புனித ஜஸ்டின் உரோமைப் பேரரசருக்கு முகவரியிட்டு எழுதிய விளக்கவுரையில், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று விவரிக்கிறார். நகரங்களிலும் நாட்டுப்புறங்களிலும் வாழ்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள்; நேரம் இருக்கும் அளவுக்குத் திருத்தூதர்களின் நினைவுகளோ இறைவாக்கினரின் எழுத்துகளோ வாசிக்கப்படுகின்றன; தலைமை தாங்குபவர் அறிவுரை கூறுகிறார்; எல்லாரும் எழுந்து நின்று மன்றாடுகிறார்கள்; அப்பமும் இரசமும் கொண்டுவரப்படுகின்றன; நன்றி மன்றாட்டுக்கு மக்கள் ஆமென் சொல்கிறார்கள்; வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுசெல்கிறார்கள்; வசதி உள்ளவர்கள் மனமுவந்து தருவது தலைமை தாங்குபவரிடம் சேர்க்கப்பட்டு, அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அயலார் ஆகியோருக்குப் பயன்படுகிறது. இன்று எந்தப் பங்கின் ஞாயிறு திருப்பலியில் அமர்ந்தாலும் இந்த வரிசையை அடையாளம் காணலாம். அதைவிட முக்கியமாக, வராதவர்களுக்கு எடுத்துச் செல்வதும் இல்லாதவர்களுக்குக் கொடுப்பதும் வழிபாட்டுக்குப் பின் செய்யும் சமூகத்தொண்டாக அதில் பிரித்து வைக்கப்படவில்லை. வழிபாட்டு வருணனையின் உள்ளேயே அவை இருக்கின்றன.

பெரும்பாலான பங்குமக்கள் அறியாத கடமை ஒன்று பங்குத்தந்தைக்கு உண்டு. ஒவ்வொரு ஞாயிறும், தம் ஆயரின் பொறுப்புப் பகுதியான மறைமாவட்டத்தில் கடைப்பிடிக்கப்படும் கடன்திருநாள்களிலும், அதாவது திருப்பலியில் பங்கேற்கக் கடமையுள்ள திருநாள்களிலும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களுக்காக அவர் ஒரு திருப்பலியை ஒப்புக்கொடுத்தாக வேண்டும். 534-ஆம் சட்டம் அவரை இதற்குக் கட்டுப்படுத்துகிறது. அந்தத் திருப்பலியின் கருத்துக்காக எவரும் காணிக்கை தருவதில்லை, எவர் பெயரும் அறிவிக்கப்படுவதில்லை. கோவிலுக்கு வருகிறவர்கள், வராதவர்கள், பங்குத்தந்தையோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள், ஆயருக்குப் புகார்க் கடிதம் எழுதியவர்கள் என எல்லாரும் அதில் அடக்கம். மிகவும் கசப்பான ஒரு பூசல் நடந்துகொண்டிருந்த காலத்தில் இதை ஒரு பெரியவர் எனக்கு எடுத்துச் சொன்னார். பூசல் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால், நம்மோடு வழக்காடிக்கொண்டிருக்கும் ஒருவர் அதே வாரத்தில் நமக்காகப் பலி ஒப்புக்கொடுக்கவும் கடமைப்பட்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகு, கூட்டங்களில் பேசும் தொனி சற்று மாறத்தான் செய்தது.

குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினர் வழிபாட்டில் ஏற்கும் பணிகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் பங்கின் அன்றாட உரசல்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது. 1963-ஆம் ஆண்டு, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, மக்களின் முழுமையான, உணர்வுபூர்வமான, செயல்முறையிலான பங்கேற்பை எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதவேண்டும் என்றது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இறைவார்த்தையை வாசிக்கும் வாசகர் பணியையும் பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் பணியையும் பொதுநிலையினருக்கு உரியவையாக்கினார். அப்போது ஆண்களுக்கு மட்டும் என்று இருந்த அந்த நிறுவப்பட்ட பணிகளை, 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களுக்கும் திறந்துவிட்டார். நடைமுறையில் பல இடங்களில் பெண்கள் அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக வாசகம் வாசித்து வந்தார்கள் என்பதால், அந்த மாற்றம் பலருடைய கவனத்துக்கு வராமலே போயிற்று. வாசகர் அட்டவணையில் இடம்பெறுவது ஒரு பதவி என்று எண்ணுகிறவர்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவே வாசகத்தை இரண்டு முறையாவது வாய்விட்டு வாசித்துப் பார்க்காதவர், எவ்வளவு நல்ல குரல்வளம் படைத்தவராயினும், ஞாயிறு காலையில் மேடையேறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இறைவாக்கினர் எசாயாவின் நீண்ட வாக்கியம் ஒன்றை நடுவில் முறித்துவிட்டால், கேட்பவர்களுக்கு அந்த வாரம் எசாயாவே இல்லை. பாடற்குழுவைப் பற்றி அதிகம் எழுதாமல் விடுவதே எனக்குப் பாதுகாப்பு. பாட்டு எல்லாரும் சேர்ந்து பாடுவதற்கா, அழகாகக் கேட்பதற்கா என்ற வழக்கில் நான் முந்தைய கட்சி.

ஜஸ்டின் குறிப்பிட்ட பொதுவான மன்றாட்டு, காலப்போக்கில் உரோமைத் திருப்பலியிலிருந்து மறைந்துபோய்ப் புனித வெள்ளி வழிபாட்டில் மட்டும் தங்கியிருந்தது. அதை ஞாயிறு திருப்பலிக்குத் திரும்பக் கொண்டுவந்ததும் அந்தக் கொள்கைத்திரட்டுதான். இன்று அது பல இடங்களில் அச்சிட்ட புத்தகத்திலிருந்து வாசிக்கப்படும் சடங்காகிவிட்டது என்பது வருத்தம் தருகிறது. திருச்சபைக்காகவும், நாடுகளை ஆள்பவர்களுக்காகவும் உலகின் மீட்புக்காகவும், துன்புறுவோருக்காகவும், இங்கே கூடியிருக்கும் சமூகத்துக்காகவும் மன்றாடுவது என்ற ஒழுங்கில் கடைசிப் பகுதிதான் அந்தந்தப் பங்கு தானே எழுதவேண்டியது. இந்த வாரம் இறந்தவரின் பெயர், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரின் பெயர், தேர்வெழுதும் பிள்ளைகள், வேலையிழந்த குடும்பங்கள் ஆகியவை அங்கே வரவேண்டும். நாம் பழகாத ஒருவருடைய பெயரைச் சொல்லி, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று எல்லாரும் பதில் சொல்லும்போது, அவர் அடுத்த வாரம் நம் பக்கத்தில் வந்து அமர்ந்தால் நாம் முற்றிலும் அந்நியராக இருக்க முடிவதில்லை. நம்பிக்கை என்பது ஒவ்வொருவரும் தம் நெஞ்சுக்குள் தனியாகத் தூக்கிச் சுமக்கவேண்டிய பொருளாக இருந்தால், நம்மில் பலர் எப்போதோ அதை இறக்கி வைத்திருப்போம். செபிக்க வாய் வராத நாள்கள் எல்லாருக்கும் உண்டு. துக்கத்திலும் கசப்பிலும் நம்பிக்கை அறிக்கையின் ஒரு வரியைக்கூட மனமொப்பிச் சொல்ல முடியாமல் நின்ற காலம் எனக்கும் இருந்தது. அப்போது சுற்றி நின்றவர்கள், அவர்களில் பாதிப்பேரை எனக்குப் பிடிக்காது என்றபோதிலும், அந்த வரிகளை எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு இருந்திருந்தால் நான் அன்று தனியாக நின்றிருப்பேன்.

பங்கு அலுவலகத்தின் அலமாரியில் உள்ள பதிவேடுகளைப் பற்றி யாரும் வலைப்பதிவு எழுதுவதில்லை. என்னைக் கேட்டால், பங்கு என்றால் என்ன என்பதை மறையுரைகளைவிட அவை தெளிவாகச் சொல்கின்றன. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம், திருமணம் பங்குத்தந்தையின் முன்னிலையிலும் சாட்சிகளின் முன்னிலையிலும் நடக்கவேண்டும் என்று விதித்தபோது, மணமக்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயரையும் நாளையும் இடத்தையும் பங்குத்தந்தை ஒரு புத்தகத்தில் எழுதி வைக்கவேண்டும் என்றும் விதித்தது. யாருக்கும் தெரியாமல் ஒருவரை மணந்துவிட்டுப் பின்னர் கைவிட்டு இன்னொருவரை மணக்கும் கொடுமையைத் தடுப்பதே அதன் முதன்மையான நோக்கம். 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்குநூல், திருமுழுக்கு, அதில் பெற்ற நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகளோடு, பங்கின் குடும்பங்களை வீடுவீடாக எழுதி வைக்கும் ஐந்தாவது புத்தகம் ஒன்றையும் கேட்டது. இன்றைய சட்டத்தின் 535-ஆம் பிரிவு, திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகிய பதிவேடுகளைக் கட்டாயமாக்கி, ஆயர் பேரவையோ மறைமாவட்ட ஆயரோ கேட்கும் பிறவற்றையும் சேர்க்கச் சொல்கிறது.

திருமுழுக்குப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத இடம் விட்டிருப்பார்கள். உறுதிப்பூசுதல், திருமணம், குருத்துவத் திருநிலைப்பாடு, துறவற நித்திய வாக்குறுதி ஆகியவை உலகின் எந்த மூலையில் நிகழ்ந்தாலும், அந்தச் செய்தி திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு அந்த இடத்தில் எழுதப்பட வேண்டும். அதனால்தான் திருமணத்துக்கு முன் அண்மையில் பெற்ற திருமுழுக்குச் சான்றிதழைக் கேட்கிறார்கள். பழைய சான்றிதழ் கையில் இருக்கும்போது புதிது எதற்கு என்று அலுவலகத்தில் சண்டையிடுபவர்கள் இந்தக் காரணத்தை அறிந்தால் பாதி அமைதியடைவார்கள். ஒருவர் பிறந்த இடத்தை விட்டுப் போய் ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கலாம். கோவிலுக்குள் காலெடுத்து வைக்காதவராகவே வாழ்ந்திருக்கலாம். அவருடைய வரி அப்படியே இருக்கும், பக்கத்தில் இடமும் இருக்கும். வேறு எந்த அமைப்பும் தன் உறுப்பினரை இவ்வளவு பொறுமையோடு நினைவில் வைத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தில் பெயர்கள் நாள் வரிசையில் வருகின்றன, தகுதி வரிசையில் அல்ல. அடுத்தடுத்த வரிகளில் இருப்பவர்களின் குடும்பங்கள் ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்த்திருக்காமல் இருக்கலாம்.

பணத்துக்கு வருவோம். பங்கில் பணத்தைப் பற்றிப் பேசுவது அருவருப்பானது என்று நினைப்பவர்களும், பணத்தைத் தவிர வேறெதையும் பேசாதவர்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சட்டத்தைப் பார்த்தால் ஒரு நுட்பமான வேறுபாடு தெரியும். மேய்ப்புப்பணிப் பேரவை, அதாவது நாம் பங்குப் பேரவை என்று அழைப்பது, மறைமாவட்ட ஆயர் பொருத்தமானது என்று கருதினால் அமைக்கப்பட வேண்டியது. ஆனால் நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆகவேண்டும் என்று 537-ஆம் சட்டம் சொல்கிறது. இரண்டும் ஆலோசனை கூறும் அமைப்புகளே. முடிவெடுக்கும் பொறுப்பு பங்குத்தந்தையிடமே இருக்கிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான மனத்தாங்கல்கள் தொடங்குகின்றன. ஆலோசனைதானே என்று பங்குத்தந்தை கேட்காமல் விடுவதும், வாக்கெடுப்பில் வென்றுவிட்டோம் என்று பேரவை உறுப்பினர்கள் சட்டமன்றம்போல நடந்துகொள்வதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். கேட்டே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட ஆலோசனையை அலட்சியம் செய்வது எளிதல்ல. அந்தக் கட்டாயத்தை நல்ல பங்குத்தந்தையர் தங்களுக்கு வசதியாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

நம்பிக்கையாளர்கள் திருச்சபைக்குத் தந்த பொருள்களைப் பற்றி, அந்தந்த இடத்தின் சட்ட ஒழுங்குப்படி, நிர்வகிப்பவர்கள் அவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்று 1287-ஆம் சட்டம் விதிக்கிறது. கணக்குக் கேட்பது நம்பிக்கைக் குறைவின் அடையாளம் என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டலாம். வரவு செலவை ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பங்குகளில் காணிக்கை குறைந்ததாக நான் கண்டதில்லை. ஒட்டாத பங்குகளில் வதந்தி குறைந்ததாகவும் கண்டதில்லை. ஆனால் கணக்கைப் பார்க்கும்போது மொத்தத் தொகையோடு நிறுத்திக்கொள்ளாமல், கட்டடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் திருவிழாவுக்கும் போனது எவ்வளவு, ஜஸ்டின் பட்டியலிட்ட அந்த அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் போனது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவேண்டும். பல பங்குகளில் இரண்டாவது எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருக்கும்.

அந்த எண் சுழியாகப் போய்விடாமல் காக்கிறவர்கள் பெரும்பாலும் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர்தான். 1833-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், இருபது வயது மாணவரான பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய அமைப்பு அது. கிறிஸ்தவம் பழைய காலத்தில் நன்மை செய்தது, இன்று என்ன செய்கிறது என்று மாணவர்களிடையே எழுந்த கேள்விக்கு அவர்கள் கண்ட பதில், ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் போவது. பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி ரோசாலி ராந்து அவர்களுக்கு வழிகாட்டினார். ஏழைகளை ஓரிடத்துக்கு வரவழைத்து வரிசையில் நிற்கவைத்துப் பொருள் வழங்குவது வேறு. கதவைத் தட்டி, உள்ளே போய், உட்கார்ந்து, பேசிவிட்டு வருவது வேறு. முதலாவதில் படம் எடுக்க வசதி அதிகம். பங்குத்தந்தைக்கும் சட்டம் கேட்பது இரண்டாவதைத்தான்: அவர் குடும்பங்களைச் சந்திக்கவேண்டும், அவர்களுடைய கவலைகளிலும் துயரங்களிலும் பங்கேற்கவேண்டும், ஏழைகளையும் துன்புறுவோரையும் தனித்து விடப்பட்டோரையும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தவர்களையும் தேடிப்போகவேண்டும் என்று 529-ஆம் சட்டம் நீளமாகவே அடுக்குகிறது. சில ஆயிரம் குடும்பங்கள் உள்ள பங்கில் ஒருவரால் இது நடக்காது என்பது உண்மை. நடக்காததால்தான் அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழுக்களான அன்பியங்களும், பொதுநிலையினர் அமைப்பான மரியாயின் சேனையும், வின்சென்ட் சபையும் தேவைப்படுகின்றன.

மறைக்கல்வியைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிக் கடக்கிறேன். 1910-ஆம் ஆண்டு திருத்தந்தை பத்தாம் பயஸ், புத்தி விவரம் தெரியும் வயதை, ஏறத்தாழ ஏழு வயதை, எட்டிய குழந்தைகளுக்கு நற்கருணையை மறுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அந்த ஆணை குழந்தைகளைப் பீடத்தருகே கொண்டுவந்தது. அங்கேயே இருக்கவைப்பது நம் பொறுப்பு. உறுதிப்பூசுதல் முடிந்த கையோடு இளையோர் காணாமல் போகிறார்கள் என்பது எல்லா மறைக்கல்வி ஆசிரியரும் சொல்லும் புலம்பல். அவர்களை இழுக்க விளையாட்டும் இசையும் வைத்துப் பார்க்கிறோம். நான் பார்த்தவரை, திரும்பி வந்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது நிகழ்ச்சிகள் அல்ல. அவர்கள் வராததைக் கவனித்து, பெயர் சொல்லி விசாரித்த யாரோ ஒரு வயதானவர்தான்.

2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் கோவில்கள் மூடப்பட்டபோது திருப்பலி திரைக்கு வந்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கும் தொலைவில் இருப்பவர்களுக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் திரையில் நாம் எந்தக் கோவிலையும் தேர்ந்தெடுக்கலாம், பிடிக்காத மறையுரையைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பக்கத்தில் இருமிக்கொண்டிருப்பவர் இல்லை, அழும் குழந்தை இல்லை, சமாதானம் சொல்லக் கை நீட்டவேண்டிய பழைய பகையாளி இல்லை. நோயாளிகளுக்குத் திரையில் திருப்பலி கிடைப்பதால், அவர்களுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் பணி ஒரு சில இடங்களில் தளர்ந்துவிட்டதையும் பார்க்கிறேன். இது தலைகீழான கணக்கு. 1973-ஆம் ஆண்டிலேயே பொதுநிலையினரை நற்கருணையின் சிறப்புப் பணியாளர்களாக நியமிக்கத் திருச்சபை வழி திறந்தது. அதன் காரணங்களில் ஒன்று, நோயாளிகள் காத்திருக்கவேண்டியிருக்கக் கூடாது என்பது.

பங்குத்தந்தையர் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பங்குத்தந்தைக்கு நிலைத்தன்மை வேண்டும் என்றுதான் 522-ஆம் சட்டம் தொடங்குகிறது, எனினும் ஆயர் பேரவை ஒழுங்கு செய்திருந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்க அது இடம் கொடுக்கிறது. பல மறைமாவட்டங்களில் இதுவே நடைமுறை. 1818 முதல் 1859 வரை ஆர்ஸ் என்ற சிற்றூரிலேயே பணியாற்றி, பங்குத்தந்தையரின் பாதுகாவலராக 1929-இல் அறிவிக்கப்பட்ட புனித ஜான் மரிய வியான்னிகூட, துறவு மடத்தின் தனிமையை நாடி ஒருமுறைக்கு மேல் பங்கை விட்டு வெளியேற முயன்றவர்தான். மக்கள்தான் அவரை விடவில்லை. எனவே மாறிப்போகிறவர்மீதும் மாற்றுகிறவர்மீதும் கோபப்படுவதில் பொருளில்லை. பிரிவுபசார விழாவில் காட்டும் உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கை, பொறுப்பைக் கையளிக்கும் வேலையில் காட்டினால் நன்று. புதியவர் வந்த முதல் வாரத்தில் அவரைச் சந்திக்க வரிசையில் நிற்பவர்கள் பேரவை உறுப்பினர்களும் திருவிழாக் குழுவினரும் பழைய பூசலின் இரண்டு தரப்பினரும்தான். அவர்களுக்கு முன்பாக யாராவது ஒருவர், வீட்டை விட்டு வெளியே வர இயலாத நோயாளிகளின் பெயர், வீட்டு அடையாளம், கடைசியாக நற்கருணை பெற்ற நாள் ஆகியவற்றை எழுதிய பட்டியலை அவர் கையில் கொடுத்து, சேர்ந்து போய்வர ஒரு நாளையும் கேட்டு வாங்கிவிடவேண்டும். பங்குப் பேரவையில் யாருக்கும் இந்த வேலை ஒதுக்கப்பட்டிருக்காது. வின்சென்ட் சபைத் தலைவரோ நற்கருணைப் பணியாளரோ அதைத் தாமாகவே எடுத்துக்கொள்ளலாம்.